முக்கால் டாலர் கணக்கு

பத்திரிகைகளில் வரும் விஞ்ஞானச் செய்திகளை இரண்டே ஜாதியாகப் பிரித்துவிடலாம். ஒன்று, "அதிசயம்!" என்று கூவுகிற ஜாதி. மற்றொன்று, "ஆபத்து!" என்று அலறுகிற ஜாதி. முதல் ஜாதிச் செய்தியைப் படித்தால், நாளைக் காலையில் நாம் எழுந்திருப்பதற்கு முன்பே ஒரு யந்திரம் காப்பி கலந்து வைத்து, குழந்தைகளைக் குளிப்பாட்டி, ஆபீஸ் கடிதங்களுக்கும் பதில் எழுதிவிடும் போலத் தோன்றும். இரண்டாவது ஜாதிச் செய்தியைப் படித்தால், நாளைக் காலை என்று ஒன்று வரப் போகிறதா என்பதே சந்தேகமாகிவிடும். இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த பத்தியில் வருவதும் உண்டு. கீழே பற்பசை விளம்பரம் இருக்கும். உலகம் முடியப் போகிறபோது பற்பசை வாங்கி என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. ஜனங்கள் செய்தியை எவ்வளவு தூரம் நம்புகிறார்கள் என்பது அதிலிருந்தே தெரிகிறதல்லவா?

எப்போதாவது மூன்றாவது ஜாதி ஒன்றும் தலைகாட்டும். "இது நடக்காத காரியம்" என்பது அது. 1920-ம் வருஷம் ஜனவரி மாதம் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை, ராபர்ட் காடார்ட் என்ற பேராசிரியரைக் கேலி செய்து தலையங்கப் பக்கத்தில் எழுதியது. காற்றே இல்லாத வெளியிலும் ராக்கெட் செல்லும் என்று அவர் சொல்லியிருந்தார். உதைத்துத் தள்ளக் காற்று இல்லாத இடத்தில் ராக்கெட் எப்படி நகரும், பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையே என்பது பத்திரிகையின் கட்சி. 1969 ஜூலை 16-ந் தேதி மூன்று மனிதர்கள் ராக்கெட்டில் ஏறிச் சந்திரனை நோக்கிப் புறப்பட்டார்கள். மறுநாள் பத்திரிகை தன் பிழையைத் திருத்திக்கொண்டு வருத்தமும் தெரிவித்தது. நடுவில் 49 வருஷங்கள். காடார்ட் 1945-லேயே இறந்துபோயிருந்தார். திருத்தம் வெளியிடுவதில் பத்திரிகைகள் நிதானமானவை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

இந்தக் கூவலுக்கும் அலறலுக்கும் கேலிக்கும் நடுவில், யந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதரின் குரல் மட்டும் நம் காதில் விழுவதில்லை.

தேரோட்டம் பார்த்திருக்கிறீர்கள். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். தேரின் மேலே சுவாமி, பக்கத்தில் குருக்கள், முன்னால் மேளம். ஆனால் சக்கரத்தின் அருகே குனிந்து முட்டுக்கட்டை செருகுகிற ஒருவரை யார் கவனிக்கிறார்கள்? வீதி முனையில் தேர் திரும்புவது அவர் கையில் இருக்கிறது. "முட்டுக்கட்டை போடாதே" என்பதை நாம் வசவாகவே சொல்லிப் பழகிவிட்டோம். முட்டுக்கட்டை இல்லாத தேர் நேரே போய் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில்தான் நிற்கும்.

கம்ப்யூட்டர் உலகத்தில் அந்தக் காரியத்தைச் செய்கிறவருக்குச் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பெயர். யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் அப்படி ஓர் உத்தியோகஸ்தர் இருப்பதே ஆபீசில் பலருக்கு ஞாபகம் இராது. நின்றுவிட்டால் எல்லோரும் ஒரே சமயத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். இந்த வாழ்க்கை ஒரு மனிதனுக்கு ஒரு தனிச் சுபாவத்தைக் கொடுத்துவிடுகிறது. புதிய அதிசயம் ஒன்று வந்துவிட்டது என்று செய்தி படித்தால் மற்றவர்கள் வாயைப் பிளப்பார்கள். இவரோ உதட்டோரத்தில் சிரித்துக்கொண்டு, "சரிதான், இது ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்துக்கொண்டால் யார் எழுப்புவது?" என்று கேட்பார். அது வெறும் குறும்புப் பேச்சல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பப் போகிறவர் அவரேதான்.

அந்த வர்க்கத்தைச் சேர்ந்த ஒருவரின் சரித்திரத்தை இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன். அவர் பெயர் கிளிஃபோர்ட் ஸ்டோல். ஒரு தடவை அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்தது. இன்னொரு தடவை உலகமே கேட்கும்படி சொன்னார். அது பெரும்பாலும் தப்பாகப் போயிற்று. இரண்டு தடவையும் ஆள் ஒருவர்தான், அறிவும் ஒன்றுதான். எனக்கு அதில்தான் சுவாரஸ்யம்.

*

ஸ்டோல் வானசாஸ்திரி. கலிபோர்னியாவில் பெர்க்லி மலைச் சரிவில் இருக்கும் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிச்சாலையில் உத்தியோகம். ஹவாய்த் தீவில் நிறுவவிருந்த கெக் தொலைநோக்கியின் வடிவமைப்பு வேலையில் இருந்தார். 1986-ம் வருஷம் அதற்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது. நட்சத்திரம் பார்க்கிறவரை வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல், அதே கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்த கம்ப்யூட்டர் நிலையத்துக்கு மாற்றினார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்படித்தான் பாதாளத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே கம்ப்யூட்டரை உபயோகிக்கும் விஞ்ஞானிகளிடம் உபயோகித்த நேரத்துக்குக் கட்டணம் வசூலிப்பது வழக்கம். அதற்காக இரண்டு கணக்குப் புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த மாதம் இரண்டும் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் 75 சென்ட். முக்கால் டாலர். அன்றைய மதிப்பில் நம் ஊர்ப் பணத்தில் பத்து ரூபாய்க்கும் குறைவு. புதிதாக வந்தவருக்குப் பொழுது போகட்டும் என்று, இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி அவரிடம் கொடுத்தார்கள்.

நம் பழைய கணக்குப்பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு இதன் ருசி தெரியும். ஆயிரம் ரூபாய் உதைத்தால் அவர்கள் பயப்படமாட்டார்கள். ஆயிரம் ரூபாய்ப் பிசகு கண்ணில் பட்டுவிடும். அரையணா உதைத்தால்தான் தூக்கம் போய்விடும். சின்ன வித்தியாசத்துக்குப் பின்னால் பெரிய இரண்டு பிசகுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்பது அவர்கள் சித்தாந்தம்.

ஸ்டோல் தேடினார். விலாசமே இல்லாத ஒரு பெயர் கணக்கில் புதிதாகச் சேர்ந்திருந்தது. பில் அனுப்ப விலாசம் இல்லாததால் அந்த நேரத்துக்குரிய கட்டணம் அந்தரத்தில் நின்றது. பெயரை அடித்துவிட்டார்கள். காரியம் முடிந்தது என்றே நினைத்தார்கள். சில நாட்களில் வெளியிலிருந்து ஒரு புகார் வந்தது: உங்கள் இடத்திலிருந்து யாரோ எங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்க்கிறார்கள் என்று. பார்த்தால், வெகு நாளைக்கு முன் ஊரை விட்டுப் போய்விட்ட ஒருவருடைய கணக்கு, போகாமல் உள்ளே நடமாடிக்கொண்டிருந்தது!

திருடன் உள்ளே புகுந்த வழி வெகு சாதாரணம். எழுத்து வேலைக்கான ஒரு புரோகிராமோடு, தபாலை எடுத்து வைக்கும் சிறு புரோகிராம் ஒன்றும் இருந்தது. யார் எந்தத் தாளைக் கொடுத்தாலும், "இதை வைக்க உமக்கு அதிகாரம் உண்டா?" என்று கேட்காமல், சொன்ன இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை தானே ஓடுகிற வேறொரு புரோகிராமின் இடத்தில், திருடன் தன்னுடையதைக் கொண்டுபோய் வைத்தான். கம்ப்யூட்டர் அதைத் தன் குஞ்சு என்று நினைத்து ஓடவிட்டது. அடுத்த நிமிஷம் திருடன் அங்கே சர்வாதிகாரி. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் கதை நமக்குப் பாட்டி மடியிலேயே தெரியும். ஸ்டோலும் பின்னால், 1989-ல், எழுதிய புத்தகத்துக்குக் "குயிலின் முட்டை" என்ற பொருள்படத்தான் பெயர் வைத்தார்.

கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம். ஸ்டோல் சாத்தவில்லை. வருகிறவன் யார் என்று பார்க்க ஆசைப்பட்டார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போனபின், ஆபீசில் உள்ள அச்சடிக்கும் யந்திரங்களையும் திரைகளையும் யாரையும் கேட்காமலே ஐம்பது வரையில் சேகரித்தார். வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்பு ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கட்டிவிட்டு, மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டார். காலையில் ஓர் யந்திரம் எண்பது அடி நீளத்துக்குக் காகிதத்தைக் கக்கியிருந்தது. திருடன் அடித்த ஒவ்வோர் எழுத்தும் அதில் பதிந்திருந்தது.

அப்போது அதே ஆராய்ச்சிச்சாலையில் லூயிஸ் அல்வாரெஸ் என்ற பெரியவர் இருந்தார். 1968-ல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர். இதைத் திருட்டு வழக்காகப் பார்க்காமல் ஆராய்ச்சியாகப் பார்க்கும்படி அவர் ஸ்டோலுக்குப் புத்தி சொன்னார். ஸ்டோல் நட்சத்திரத்துக்கு வைப்பது போல நோட்டுப் புத்தகம் வைத்தார். வந்த நாள், நேரம், தொட்ட இடம், எல்லாம் எழுதினார். இடுப்பில் ஓர் அழைப்புக் கருவியைச் செருகிக்கொண்டார். திருடன் வந்தால் அது கூப்பிடும். சாப்பாடானாலும் தூக்கமானாலும் சைக்கிளில் ஏறி ஓடுவார்.

திருடன் அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களைத் தேடித் தேடிப் போனான். அணு ஆயுதம், ஏவுகணை, நட்சத்திர யுத்தத் திட்டம் முதலிய சொற்கள் அகப்படுமா என்று துழாவினான். சுமார் 450 கம்ப்யூட்டர்களைத் தட்டிப் பார்த்து, 30-க்கு மேற்பட்டவற்றில் புகுந்தான். அவன் மகா மேதாவி என்று நினைத்துவிடாதீர்கள். பல இடங்களில், தொழிற்சாலையிலிருந்து யந்திரம் வந்தபோது வைத்திருந்த ரகசியச் சொல்லையே யாரும் மாற்றாமல் வைத்திருந்தார்கள். திருடன் அதைத் தட்டினான், கதவு திறந்தது. புதுப் பூட்டை வாங்கி, அதன் சாவியை அதிலேயே தொங்கவிட்டுப் போவது மேல்நாட்டிலும் உண்டு போலிருக்கிறது.

ஒரு தடவை திருடன் முக்கியமான தாள் ஒன்றை நகல் எடுக்க ஆரம்பித்தான். இணைப்பை அறுத்தால் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஸ்டோல் தம் சாவிக் கொத்தை எடுத்துக் கம்பி முனைகளின்மேல் உரசினார். எழுத்துக்கள் குழம்பிப் போயின. கம்பியில் ஏதோ இரைச்சல் என்று திருடன் சலித்துக்கொண்டு போய்விட்டான். கோடிக்கணக்கான டாலர் செலவில் நாட்டைக் காக்கிறவர்கள் இருக்கும்போது, அன்றைக்குக் காத்தது ஒரு சாவிக் கொத்து.

அந்தக் காக்கிறவர்களிடமும் அவர் போகாமல் இல்லை. எப்.பி.ஐ. இலாகாவிடம் சொன்னார். எவ்வளவு நஷ்டம் என்று கேட்டார்கள். 75 சென்ட் என்றார். சம்பாஷணை அத்துடன் முடிந்தது. சி.ஐ.ஏ., விமானப்படை, தேசப் பாதுகாப்பு ஸ்தாபனம் என்று படி ஏறினார். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள், குறிப்பும் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் இது தங்கள் இலாகா விவகாரமல்ல என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். சர்க்கார் ஆபீஸ் படியேறிய அநுபவமுள்ள நமக்கு இதைப் படிக்கும்போது அமெரிக்கா ஒன்றும் தூர தேசமல்ல என்று தோன்றுகிறது.

கம்பியின் தடம் கலிபோர்னியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கும், அங்கிருந்து கடல் தாண்டி ஜெர்மனிக்கும் போயிற்று. கடைசியில் ஹானோவர் நகரத்தில் நின்றது. அங்கே டெலிபோன் நிலையத்தில் பழைய காலத்து விசைகள். ஓர் அழைப்பு எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஆள் நேரில் நின்று கம்பி கம்பியாகப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மணிக்கு மேல் ஆகும். திருடனோ சில நிமிஷங்களில் போய்விடுகிறவன். அவனை உட்கார வைப்பது எப்படி? ஸ்டோலின் தோழி ஒரு யோசனை சொன்னாள். அவனுக்கு வேண்டிய தீனியை நாமே சமைத்துப் போடுவோம் என்றாள். இருவரும் உட்கார்ந்து நட்சத்திர யுத்தத் திட்டத்தைப் பற்றிக் கட்டுக் கட்டாகப் பொய்த் தஸ்தாவேஜுகள் தயாரித்தார்கள். இல்லாத ஓர் ஆபீஸ், இல்லாத ஒரு காரியதரிசி, இல்லாத கடிதப் போக்குவரத்து. அலுப்புத் தட்டும்படி எழுதினால்தான் சர்க்கார் காகிதம் என்று நம்புவான் என்பதை மறக்கவில்லை. 1987 ஜனவரியில் திருடன் இரையைக் கவ்வினான். நெடுநேரம் உட்கார்ந்து படித்தான். ஹானோவரில் வீடு அகப்பட்டது.

மார்க்குஸ் ஹெஸ் என்பது அவன் பெயர். கூட்டாளிகளும் இருந்தார்கள். திருடியதைச் சோவியத் ரகசிய ஸ்தாபனமான கே.ஜி.பி.க்கு விற்று வந்தார்கள் என்பது பின்னால் வெளிப்பட்டது. 1990-ல் ஜெர்மன் கோர்ட்டு ஒற்றுக் குற்றத்துக்காகத் தண்டனை விதித்து, சிறைக்கு அனுப்பாமல் அதை நிறுத்தி வைத்தது. சோவியத் யூனியனே அடுத்த வருஷம் இல்லாமல் போயிற்று.

இவ்வளவும் ஒருவர் முக்கால் டாலரைத் தள்ளுபடி செய்ய மறுத்ததனால் வந்தது.

*

அடுத்தபடியாக ஒரு சின்னச் செய்தி. 1988 நவம்பர் 2-ந் தேதி இரவு, அமெரிக்கக் கம்ப்யூட்டர்கள் ஆயிரக்கணக்கில் மூச்சுத் திணற ஆரம்பித்தன. ராபர்ட் டப்பன் மாரிஸ் என்ற கல்லூரி மாணவர் எழுதிவிட்ட ஒரு சிறு புரோகிராம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றிப் புழுவைப் போலப் பெருகிவிட்டது. அவர் தகப்பனார் கம்ப்யூட்டர்ப் பாதுகாப்புத் துறையில் சர்க்காரின் பெரிய விஞ்ஞானி என்பது கதாசிரியன் எழுதினால் நம்பமாட்டீர்கள், விதி எழுதியது. யந்திரக் காவலர்கள் இரண்டு மூன்று ராத்திரி கண்விழித்துப் புழுவைப் பிடித்து அடித்தார்கள். ஸ்டோலும் அவர்களில் ஒருவர்.

பத்திரிகைகளில் 6,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன என்று வந்தது. இன்று வரையில் புத்தகங்களிலும் அந்த எண்தான் இருக்கிறது. அது பிறந்த விதத்தை அப்போது பக்கத்தில் இருந்த ஒருவர் பிற்பாடு எழுதினார். வலையில் மொத்தம் 60,000 கம்ப்யூட்டர் இருக்கலாம் என்று ஒருவர் உத்தேசமாகச் சொன்னாராம். அதில் பத்தில் ஒரு பங்குக்குப் புழு பிடித்திருக்கலாம் என்று இன்னோர் உத்தேசம். இரண்டு உத்தேசங்களையும் பெருக்கினால் ஒரு புள்ளிவிவரம் வருகிறது! நஷ்டம் எவ்வளவு என்று அமெரிக்கச் சர்க்காரின் தணிக்கை அலுவலகம் சொன்ன கணக்கு இன்னும் ரசமானது. ஒரு லட்சம் டாலருக்கும் ஒரு கோடி டாலருக்கும் இடையில் இருக்கலாமாம். நம் ஊர் ஜோசியர்கள்கூட இவ்வளவு விஸ்தாரமாக இடம் விட்டுச் சொல்வதில்லை.

முக்கால் டாலரை எண்ணியவர்களையும் இந்த எண்களை அச்சிட்டவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யந்திரக் காவலர் செய்தி படிக்கும்போது ஏன் உதட்டோரத்தில் சிரிக்கிறார் என்பது விளங்கும்.

*

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1995-ம் வருஷம் அமெரிக்கா முழுவதும் இண்டர்நெட் பஜனையாக இருந்தது. வீட்டிலிருந்தே கடைக்குப் போகலாம், பத்திரிகையும் புத்தகமும் கம்பி வழியே வரும், பள்ளிக்கூடத்துக்குக் கட்டிடம் வேண்டாம் என்றெல்லாம் தினம் ஓர் அதிசயம். ஸ்டோல் அப்போது ஒரு புத்தகமும், பிப்ரவரி மாதம் "நியூஸ்வீக்" பத்திரிகையில் ஒரு கட்டுரையும் எழுதினார். இருபது வருஷம் வலையில் புழங்கியவன் சொல்கிறேன், இதெல்லாம் வெறும் சவடால் என்பது அதன் சாரம். கம்ப்யூட்டர்த் தகவல் பெட்டகம் எதுவும் தினசரிப் பத்திரிகைக்கு மாற்றாகாது என்றார். நல்ல வாத்தியாருக்கு யந்திரம் ஈடாகாது என்றார். வலையில் வியாபாரம் நடக்கப் போகிறது என்கிறார்களே, பணம் அனுப்ப நம்பகமான வழி எங்கே, விற்பனைக்காரன் எங்கே என்று கேட்டார். டிரபால்கர் கடற்போர் நடந்த தேதியைத் தேடிப் பார்த்து, நூற்றுக்கணக்கான குப்பைக்குள் கால் மணி நேரம் கிளறியும் உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை என்று புகார் செய்தார். எல்லோரும் கத்துகிற இடத்தில் கேட்பவர் குறைந்துபோகிறார்கள், முகமூடிக்குப் பின்னால் இருந்து வசவும் மிரட்டலும் வருகின்றன என்றும் சொன்னார்.

காலம் அவரைப் பரிகாசம் செய்ய அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. கட்டுரை வந்த ஐந்தாவது மாதம், 1995 ஜூலையில், அமேசான் புத்தகக் கடை வலையில் திறந்தது. 1998-ல் கூகிள் கம்பெனி பிறந்தது. இன்று டிரபால்கர் போரின் தேதியைக் கேட்டால் கண் இமைப்பதற்குள் வருகிறது: 1805 அக்டோபர் 21. "நியூஸ்வீக்" பத்திரிகையே 2012 டிசம்பரோடு அச்சிடுவதை நிறுத்தி வலைக்குள் குடிபோயிற்று. வலையில் காலம் தள்ளியது போதும் என்றோ என்னவோ, 2014-ல் மறுபடியும் அச்சுக்குத் திரும்பியது. அது வேறு விஷயம்.

2010-ல் யாரோ அந்தக் கட்டுரையைத் தோண்டி எடுத்து வலையிலே போட்டுச் சிரித்தார்கள். ஸ்டோலே அங்கே வந்து, ஆமாம், நான் செய்த தவறுகளில் இவ்வளவு பகிரங்கமானது வேறில்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு எதைப் பற்றியாவது நிச்சயமாகத் தெரியும் என்று தோன்றும்போதெல்லாம், "ஒருவேளை தப்பாக இருக்கலாம்" என்று தமக்கே சொல்லிக்கொள்வதாகவும் எழுதினார். 49 வருஷம் காத்திருக்கவில்லை. காடார்டுக்குக் கிடைக்காத மரியாதை இண்டர்நெட்டுக்குக் கிடைத்தது.

இதில் விசேஷமான ரசம் ஒன்று உண்டு. ஸ்டோல் கண்ணாடியில் ஒரு விநோதமான பாத்திரம் விற்கிறவர். கிளைன் புட்டி என்று பெயர். உள் வேறு, வெளி வேறு என்று இல்லாத பாத்திரம். கணித சாஸ்திரத்தின் விளையாட்டு. ஓக்லண்டில் தம் வீட்டின் தரைக்கு அடியிலுள்ள குனிந்து செல்லும் இடத்தில் புட்டிகளை அடுக்கி வைத்து, தாமே கட்டிய ஒரு சிறு யந்திர வண்டியைத் தூரத்திலிருந்து இயக்கி வெளியே எடுக்கிறார். எங்கே விற்கிறார் தெரியுமா? இண்டர்நெட்டில்தான்!

*

கேலியோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 1986-ல் இலாகாக்கள் எல்லாம் கோட்டைவிட்டதைக் கண்டுபிடித்தவர், 1995-ல் ஏன் தவறினார்?

அவர் பார்வை மாறவில்லை என்பதே என் அபிப்பிராயம். இரண்டு தடவையும் எதிரில் இருந்ததைப் பார்த்தார், உள்ளபடி சொன்னார். 1995-ல் வலையில் பணம் அனுப்ப நம்பகமான வழி இல்லை என்பது வாஸ்தவம். தேடினால் அகப்படாது என்பதும் வாஸ்தவம். ஆனால் அவர் ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவரைப் போன்ற யந்திரக் காவலர்களே ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து, அந்தக் குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிடுவார்கள் என்பதை மறந்துவிட்டார். தன் வர்க்கத்தின் உழைப்பைத் தானே எண்ணாமல் விட்ட கணக்குப்பிள்ளை அவர்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவர் சொன்ன குறைகளில் திருகாணியைத் திருகிச் சரிசெய்யக் கூடியவை எல்லாம் சரியாகிவிட்டன. சரியாகாமல் நிற்பவை எவை? எல்லோரும் கத்துவது, கேட்பார் இல்லாதது, முகமூடி வசவு, பொய்யும் மெய்யும் ஒரே உடுப்பில் வருவது. இவை யந்திரத்தின் குறைகள் அல்ல. இவற்றுக்குத் திருகாணி கிடையாது. வலையில் வரும் வசவுகளை இன்று படிக்கிற எவரும் அந்தக் கட்டுரையின் இந்தப் பகுதியைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள்.

யந்திரக் காவலர்களின் தலையெழுத்துக்கு 2000-ம் வருஷம் ஒரு நல்ல உதாரணம். பழைய புரோகிராம்களில் இடத்தை மிச்சப்படுத்த வருஷத்துக்கு இரண்டே இலக்கம் வைத்திருந்தார்கள். 99-க்குப் பிறகு 00 வந்தால் யந்திரம் அதை 1900 என்று எண்ணிக்கொள்ளும். பீட்டர் டி ஜாகர் என்பவர் 1993-லேயே இதைப் பற்றி எழுதி எச்சரித்தார். முதலில் யாரும் கேட்கவில்லை; பிறகு எல்லோரும் ஒரேயடியாக அலறினார்கள். விமானம் விழும், பாங்கி மூழ்கும் என்று பத்திரிகைகள் எழுதின. லட்சக்கணக்கானவர்கள் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தினார்கள். நம் சென்னையிலிருந்தும் இளைஞர்கள் பலர் அமெரிக்காவுக்கு விமானம் ஏறியது இந்த இரண்டு இலக்கத்தைத் திருத்தத்தான். ஜனவரி முதல் தேதி விடிந்தது. அமெரிக்காவுக்கே நேரம் சொல்லும் கடற்படை வானிலையத்தின் வலைப்பக்கத்தில் வருஷம் 19100 என்று காட்டியது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீடியோ வாடகைக் கடையில், நூறு வருஷம் கழித்துத் திருப்பியதாகக் கணக்கிட்டு ஒருவருக்கு 91,250 டாலர் அபராதம் போட்டது யந்திரம். இப்படி அங்கங்கே சில்லறைப் பிசகுகள். விமானம் விழவில்லை. உடனே ஜனங்கள் என்ன சொன்னார்கள்? "எல்லாம் புரளி. பணம் பிடுங்கச் செய்த சூழ்ச்சி" என்றார்கள். அணையை உடையாமல் காத்தவனைப் பார்த்து, "வெள்ளமே வரவில்லையே, உனக்கு எதற்குச் சம்பளம்?" என்று கேட்பது போலத்தான்.

அதே 2000-ம் வருஷம் சிகாகோவில் ஒருவர், ஜூலை மாதக் கடைசி வெள்ளிக்கிழமையை இந்தக் காவலர்களுக்கு நன்றி சொல்லும் நாளாகக் கொண்டாட ஆரம்பித்தார். 2024-ல் அந்த நாள் ஜூலை 26. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 19-ந் தேதி வெள்ளிக்கிழமை, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு பிழையான திருத்தத்தால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டிப் படுத்துவிட்டன. நம் நாட்டில் விமானப் பயணிகள் சிலருக்குக் கையால் எழுதிய சீட்டைக் கொடுத்தார்கள். திருடனைத் தடுக்க வைத்த காவல்காரனே வீட்டுக்காரர்களை உள்ளே விடாமல் பூட்டிவிட்ட கதை. பரிகாரம் என்ன? பெரும்பாலான இடங்களில் ஆள் நேரில் போய், ஒவ்வொரு கம்ப்யூட்டராக எழுப்பி, அந்த ஒரு தாளைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. ஹானோவர் டெலிபோன் நிலையத்தில் கம்பி கம்பியாகப் பார்த்தவருக்கும் இவர்களுக்கும் நடுவில் 37 வருஷங்கள். செய்யும் வேலை என்னவோ அதேதான்.

இப்போதெல்லாம் "அதிசயம்" என்று ஒரு செய்தி வந்தால் நான் அதை ஒரு தரம் ஆசையோடு படித்துவிடுகிறேன். காடார்டைக் கேலி செய்தவர்கள் கூட்டத்தில் சேர எனக்கு விருப்பமில்லை. பிறகு இரண்டாம் தரம் படிக்கிறேன். இதை ராத்திரியில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், கணக்கு உதைத்தால் யாரிடம் போவது, அவர் என்ன சொல்கிறார் என்று தேடுகிறேன். கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும். முதல் போட்டவர் பெயர் இருக்கும். எத்தனை கோடி என்பதும் இருக்கும். அவர் பெயரை மட்டும் இதுவரையில் நான் பார்த்ததில்லை.